மஜீட் கூட்டிவந்த பெக்கோ

அரசாங்கம் என்று ஒன்று இருப்பதில் மஜீடுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. கள்ளனைப் பிடிக்கட்டும், கடலைக் காவல் காக்கட்டும், வழக்கைத் தீர்க்கட்டும். தன்னுடைய ஒழுங்கைக்குள் மட்டும் அது வரக்கூடாது என்பதுதான் அவருடைய கட்சி. கல்முனைக்குத் தெற்கே, பெரிய வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருக்கு மாவும் மிளகாயும் அரைக்கும் மில் ஒன்று இருந்தது. அரைக்க வந்தவர்கள் தூள் சூடு ஆறும்வரை அவருடைய பேச்சைக் கேட்டே ஆகவேண்டும்.

"பசளைய ஒரே நாளில நிப்பாட்டினாங்களே, அதில ஒருத்தனாவது வயலுக்க இறங்கினவனா? எண்ணெய்க்கு நம்மள றோட்டுல படுக்க வெச்சாங்க. இப்ப என்ட மில்லுக்கு ஒரு லைசன், அதில தொங்குற போர்டுக்கு ஒரு வரி. நான் தும்மினா அதுக்கும் ஒரு ஒபிசர் வருவான். இவனுகள் ஒண்டும் தரவேணாம். நம்மள விட்டாக் காணும்."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒழுங்கை முனையில் இருந்த தெருவிளக்கு எரியாமல் வருடக்கணக்காகக் கிடந்தபோது, மஜீட் தன் கைக்காசில் பல்ப் வாங்கி, ஏணி வைத்து ஏறி மாட்டினார். அந்தக் கிழமையே பிரதேச சபை ஆட்கள் வந்து அதைக் கழற்றிப் போனார்கள். சபையின் கம்பத்தில் தனியார் பல்ப் எரியக்கூடாதாம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மஜீட் சிரிக்கவில்லை.

அந்த ஒழுங்கை பள்ளமானது. மாரி பிறந்தால் வீட்டு வாசல்களில் முழங்கால் தண்ணீர். பழைய வடிகான் ஒன்று ஒரு காலத்தில் கடற்கரைத் தோணாவுக்கு, கடலில் கலக்கும் கழிக்கு, ஓடியது. மதில்கள் எழும்ப எழும்ப அது தூர்ந்துபோனது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் அதிகாரிகள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். தேர்தல் முடிந்ததும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

"நாம கேட்டுக்கொண்டு நிக்கிறதாலதான் அவனுகள் பெரிய மனிசன் ஆகிறானுகள்," என்றார் மஜீட். "கேக்காம வெட்டுவம்."

வெயில் காலம் முடியும் தறுவாயில், ஒழுங்கைக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு பெக்கோவை வாடகைக்குப் பிடித்தார்கள். மண் தோண்டும் அந்த மெஷின் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டது. கான் நேராகத் தோணாவில் போய் விழுந்தது. அடுத்த மழைக்கு வாசல்களில் ஈரம் மட்டும்தான் மிஞ்சியது. பெண்கள் மதிலோரம் நின்று தண்ணீர் ஓடுவதை ஏதோ புதினம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஆனால் அந்தக் கான், நளீருடைய கலியாண மண்டபத்தின் பின்பக்கமாகப் போனது. நளீர் அந்த வட்டாரத்தின் சபை உறுப்பினர். இதே ஒழுங்கையின் வாக்குகளால் வென்றவன். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சபையின் வெற்றுக் காணியில்தான் அவனுடைய விருந்தாளிகள் வாகனம் விடுவார்கள். இப்போது அதைக் கான் இரண்டாகப் பிளந்துவிட்டது.

ஒரு காலை அவன் சபையின் பெக்கோவோடு வந்தான். கூடவே ஓர் அதிகாரி, இரண்டு பொலிஸ்காரர்கள். மஜீட் மில்லைப் பூட்டாமலே ஓடிப்போய்க் கானுக்குள் இறங்கி நின்றார்.

"மஜீட் காக்கா, மேல வாங்க," என்றான் நளீர். அண்ணனைக் கூப்பிடுகிற குரல், அதில் கோபமே இல்லை. "அனுமதியில்லாம சபைக் காணியில ஒரு மம்பட்டி மண் எடுக்க ஏலா. சட்டம் எண்டு ஒண்டு இரிக்கி."

"கார் விட இடம் வேணும் எண்டு செல்லு. சட்டத்த ஏன் இழுக்காய்?"

"மனு ஒண்டு தாங்க. சபையில கதைப்பம்."

"மழை உன்ட மனுவப் பாத்தா பெய்யுது?"

பொலிஸ்காரர்கள் அவரைத் தோளில் பிடித்து வெளியே தூக்கினார்கள். அவருடைய சாரனில் ஒட்டியிருந்த சேறு காய்வதற்குள் கான் மூடப்பட்டது. அதற்கு மேல் மெஷின் ஓடி ஓடி மண்ணை இறுக்கியது.

கார்த்திகையில் கடலில் தாழமுக்கம் வந்து மழை விடாமல் கொட்டியது. மஜீடின் ஒரே மகள் பஸ்மினா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருசன் ஜவாத் கட்டாரில் வேலை. சீதனமாக மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில்தான் மஜீடும் மனைவி ஜெனூபாவும் அவளோடு இருந்தார்கள். விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொன்ன கையோடு பஸ்மினாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ஒழுங்கையில் இடுப்புக்கு வெள்ளம். கூப்பிட்ட முச்சக்கரவண்டி பெரிய வீதியிலேயே நின்றுவிட்டது.

பிளாஸ்டிக் கதிரையில் அவளை இருத்தி நான்கு பேர் தூக்கினார்கள். கதிரையின் முன்கால் ஒன்றை மஜீட் பிடித்திருந்தார். தண்ணீருக்கு அடியில் எங்கே கல், எங்கே குழி என்று தெரியாது. விழுந்து கிடந்த வேலிக் கம்பி ஒன்று அவர்களை மறித்தது. ஒருவர் அதைப் பிரித்து விலக்கும்வரை மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். பஸ்மினா வாப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு, "கெதியாப் போங்க வாப்பா, கெதியாப் போங்க," என்று முனகிக்கொண்டே வந்தாள். போக முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை ஆண். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, மஜீடின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மையவாடியில் வெட்டிய குழியிலும் தண்ணீர் ஊறியது. ஒருவர் வாளியால் அள்ள அள்ள, மஜீட் அந்தச் சின்னப் பொதியை இறக்கினார்.

வெள்ளம் வற்ற முன் நளீர் உழவு இயந்திரத்தில் சோற்றுப் பார்சல்களோடு வந்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறினான்.

"அல்லாஹ்ட நாட்டம் காக்கா. சபுர் செய்யுங்க."

அல்லாஹ்வின் நாட்டத்தை மஜீட் மறுக்கவில்லை. ஆனால் அதையும், பொறுத்துக்கொள் என்பதையும் இந்த வாய் சொல்லக் கேட்டதுதான் உள்ளே எங்கேயோ போய்ச் செருகிக்கொண்டது. மறாப்புச் சீலைக்குப் பின்னால் படுத்திருந்த பஸ்மினாவும் கேட்டிருந்தாள். நளீர் போனபிறகு பார்சல்களை எடுத்து வெள்ளத்தில் எறிந்தது யார் என்று ஜெனூபா விசாரிக்கவில்லை.

மஜீடின் மருமகன் முறையான ஷிப்லி, மேசன் வேலை செய்பவன், கூட்டாளிகளோடு வந்து குசுகுசுத்தான். "மாமா, ஓம் எண்டு செல்லுங்க. அவண்ட காலை ஒடிச்சிப் போடுவம்."

"வேணாம்டா. ஒடிச்சா எனக்கு மறியல், அவனுக்கு ஆஸ்பத்திரி. அவன் கட்டில்ல கிடந்தே வோட்டுச் சேர்ப்பான்." மஜீட் அவனைக் கிட்டக் கூப்பிட்டார். "அவனுக்கு எங்க நோகும், அத செல்லு."

ஷிப்லிக்குத் தெரிந்திருந்தது. நளீர் அறுகம்பேக் கடற்கரையில் கபானா என்கிற விடுதிக் குடில்கள் கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறான். அவனே போய் நின்று கட்டுவித்தது. பெண்சாதியின் நகைகூட அதற்குள்தான் போயிருக்கிறது. ஷிப்லியும் அங்கே கல் கட்டியவன்.

"அலை அடிக்கிற இடத்திலேயே அத்திவாரம் போட்டிரிக்கி மாமா. அந்த எல்லைக்குள்ள ஒரு கல்லும் வைக்க ஏலா எண்டு அங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கிறல்ல."

சண்டை பிடிப்பதற்கே தவிர எந்த அரசாங்கக் கந்தோரின் படியும் ஏறியிராத மஜீட், அதற்குப் பிறகு வெள்ளைச் சேட்டும் கறுப்புச் சப்பாத்துமாகப் படிகள் ஏறத் தொடங்கினார். அம்பாறைக்குப் போனார். கொழும்புக்கு இரவு பஸ் எடுத்தார். எந்த மேசையில் கொடுத்தால் கடதாசி உறங்கும், எந்த மேசையில் கொடுத்தால் நடக்கும் என்று படித்துக்கொண்டார். சிங்களத்தில் மனு எழுத ஆள் பிடித்தார். கடற்கரை எல்லையை மீறிய கட்டிடம் என்று படம் எடுத்து அனுப்பினார். பதில் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தகவல் கேட்டு இன்னொன்று போட்டார். பியோன்மார் அவரைக் கண்டால் எழுந்து கதிரை தந்தார்கள். ஓர் உயர் அதிகாரி, "உங்களைப் போல பத்துப் பேர் இருந்தால் இந்த நாடு உருப்படும்," என்றார். அந்தப் பாராட்டு மஜீடுக்கு இனித்தது. இனித்ததை நினைத்து வெட்கமும் வந்தது. ஆனாலும் அடுத்த கிழமையும் போனார்.

மில்லில் பேச்சு குறைந்தது. ஜெனூபாதான் ஒருநாள் கேட்டாள்.

"இஞ்சப் பாருங்க. இந்தக் கந்தோருகள இழுத்து மூடோணும் எண்டு ஏசின மனிசன் நீங்க."

"மூடத்தான் வேணும். நளீர முடிச்சிட்டு மூடட்டும்."

"மறுகா?"

பிறகு என்ன என்று அவர் யோசித்திருக்கவில்லை. படுக்கையில் கிடக்கும்போது கபானாக்களின் கூரை ஒவ்வொன்றாக இறங்குவதை நினைப்பார். நளீர் யாருடைய காலில் விழுவான், என்ன சொல்லிக் கெஞ்சுவான் என்று மனசுக்குள் கட்டிக் கட்டிப் பார்ப்பார். அப்போதுதான் கண் மூடும்.

மாரியும் போய், வெள்ளைக்காரர் வரும் காலம் பிறந்தபோது கட்டளை வந்தது. உடைக்கும் நாளையும் கந்தோரில் சொன்னார்கள். மஜீட் வீட்டுக்கு வந்து மகளின் முன்னால் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னார். பிள்ளை போனதிலிருந்து பஸ்மினா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவளாக மாறியிருந்தாள். அன்று அவளாகவே வாய் திறந்தாள்.

"நானும் வாறன்."

ஷிப்லி வேன் ஓட்டினான். திருக்கோவிலையும் கோமாரியையும் தாண்டி அவர்கள் அறுகம்பேயில் இறங்கியபோது பெக்கோ முதலாவது கபானாவின் முன் நின்று உறுமிக்கொண்டிருந்தது. நளீர் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். ஒருவரும் எடுக்கவில்லைபோலும். அதிகாரியின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சேட்டின் ஒரு பக்கம் காற்சட்டைக்கு வெளியே தொங்கியது.

இரும்புக் கை உயர்ந்து கூரையில் இறங்கியது. மரங்கள் முறிந்த சத்தம் மஜீடின் நெஞ்சுக்குள் போய், அங்கே இறுகிக் கிடந்த எதையோ தட்டிவிட்டது. அவர் தன்னை அறியாமல், "இன்னம்! இன்னம் போடு!" என்று கத்தினார். ஒவ்வொரு கபானாவாக விழுந்தது. சாப்பாட்டு மண்டபத்தின் கொங்கிறீட் தூண்கள் கொஞ்சம் மல்லுக்கு நின்று, பிறகு கம்பியைக் காட்டிக்கொண்டு சாய்ந்தன. நளீர் மணலில் குந்திவிட்டான். மஜீட் அவனுக்கு நேரே போய் நின்றார்.

"அல்லாஹ்ட நாட்டம் நளீர். சபுர் செய்."

நளீர் நிமிர்ந்து பார்த்தான். யார் இதைச் செய்தது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் முகம் வெளிறியதை மஜீட் கண்ணிமைக்காமல் பார்த்தார். பஸ்மினாவும் பார்த்தாள். மாதக்கணக்காக அவர் ஏங்கியது இந்த முகத்துக்காகத்தான். அது அவர் நினைத்ததைவிட ருசியாக இருந்தது.

பெக்கோ திரும்பியது. வேலை முடிந்தது, போகப்போகிறது என்று மஜீட் நினைத்தார். அது கரையோரமாகவே தெற்கே ஊர்ந்தது. அங்கே ஒரு தகரக் கொட்டில். வாசலில் இடியப்பத் தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. மீனவர்களுக்கும் அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கும் ரொட்டியும் பிளேன்டீயும் விற்கும் கடை அது. நடத்தியவள் மீனாம்பிகை, புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள்.

"ஐயா, இது கடை ஐயா! நான் ஒரு ஆளுக்கும் கரைச்சல் குடுக்கல்ல!"

மஜீட் அதிகாரியிடம் ஓடினார். "சேர், இது இல்ல. நான் இதப் பத்தி எழுதல்ல. நான் நளீர்ட இடத்த மட்டும்தான் எழுதினன்."

அதிகாரி அவரை மரியாதையாகவே பார்த்தார். "நீங்க எழுதினது எல்லையப் பத்தி. எல்லை ஒராளுக்கு மட்டும் எண்டு இல்லையே. அந்தப் பக்கத்த மட்டும் உடைச்சா, பாரபட்சம் எண்டு அவர் நாளைக்கு வழக்குப் போடுவார்."

மஜீட் பெக்கோவுக்கும் கொட்டிலுக்கும் நடுவே போய் நின்றார். இரண்டு பொலிஸ்காரர்கள் அவரைத் தோளில் பிடித்துத் தூக்கி விலக்கினார்கள். தகரம் நசுங்க அதிக நேரம் எடுக்கவில்லை. மீனாம்பிகை உள்ளே பாய்ந்து அடுப்பையும் ஒரு மூட்டை மாவையும் மட்டும் இழுத்தெடுத்தாள். மூட்டை கிழிந்து மா மணலில் கொட்டுண்டது.

நளீர் எழுந்துவந்தான். சிரித்தான். அழுகிறவன் சிரிப்பது போல இருந்தது. "அக்கா, ஆர் இந்த மெஷினக் கூட்டிவந்தது எண்டு தெரியுமா? இந்தா நிக்கிறார், மஜீட் காக்கா. கல்முனைப் பக்கத்து ஆள். கையெடுத்துக் கும்பிடுங்க."

மீனாம்பிகை மஜீடைப் பார்த்தாள். "மெய்யா?"

"அக்கா, இவன் கானை மூடினான். வெள்ளத்தில என்ட மகள்ட புள்ள மௌத்தாப் போச்சி. அதுக்காகத்தான் நான் இவண்ட..."

"அதுக்கு நானா கான் மூடினன்?"

மஜீட் குனிந்து, கொட்டுண்ட மாவை மணலிலிருந்து கையால் கூட்டத் தொடங்கினார்.

வேன் திரும்பி வரும் வழியில், அக்கரைப்பற்றைத் தாண்டியபிறகு பஸ்மினா பின்சீற்றிலிருந்து கேட்டாள்.

"வாப்பா, இவ்வளவு மனு எழுதினீங்களே. கானைத் திறக்கச் சொல்லி ஒண்டாவது எழுதினீங்களா?"

ஷிப்லி கண்ணாடியில் மாமாவைப் பார்த்தான். மஜீட் வெளியே பார்த்தார். பாலமுனைப் பக்கம் வெயிலில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் எழுதவில்லை. அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. இன்னும் சில மாதங்களில் மறுபடியும் மாரி. அந்தக் கான் மூடியபடியே கிடந்தது.

"நானும் கேக்கல்லதான்," என்றாள் பஸ்மினா. "அவன் விழுறதப் பாக்கோணும் எண்டுதான் எனக்கும் இருந்திச்சி. பாத்திட்டன். அவ கையில கரண்டி இருந்திச்சி வாப்பா."

அந்தக் கிழமையே மஜீட் ஒழுங்கைக்காரரைக் கூட்டினார். இம்முறை மெஷின் இல்லை. ஆணும் பெண்ணுமாக மம்பட்டி பிடித்தார்கள். நளீர் மண்டபத்தின் யன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான். சபைக்கு அவன் முறையிட்டதாகவும், அறுகம்பேயில் நடந்ததைக் கேள்விப்பட்ட சபைக்காரர்கள் அவனோடு சேர்ந்து வெளியே தலைகாட்டத் தயங்கியதாகவும் ஷிப்லி வந்து சொன்னான். அடுத்த தேர்தலில் அவன் நிற்கவில்லை. மஜீட் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். அந்தச் சந்தோசத்தை அவர் ஒருவரிடமும் மறைக்கவில்லை. இன்றைக்கும் நளீர் தெருவில் கண்டு சலாம் சொன்னால் மஜீட் பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

ஆனால் மீனாம்பிகையின் கணக்கு அப்படி முடியவில்லை. கான் வெட்டி முடிந்த கையோடு அவர் மரமும் தகரமும் ஏற்றிக்கொண்டு அறுகம்பேக்குப் போனார். பஸ்மினாவும் ஷிப்லியும் கூடப் போனார்கள். மீனாம்பிகை ஒரு தென்னைமரத்தடியில் அடுப்பை வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இறக்கிய தகரங்களைப் பார்த்தாள்.

"எல்லைக்கு இங்கால காணிக்காரன் கொஞ்சம் இடம் தாறன் எண்டிருக்கான். அங்க போடுங்க," என்றாள். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

ஷிப்லியும் மஜீடும் தூண் நட்டு, வளை ஏற்றி, தகரம் அடித்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மீனாம்பிகை ஷிப்லிக்குப் பிளேன்டீ கொடுத்தாள். பஸ்மினாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தி, ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அவளுடைய தலையை ஒருமுறை தடவினாள். மஜீடுக்குத் தண்ணீர்கூட வரவில்லை. அவர் கிணற்றடிக்குப் போய்த் தானே அள்ளிக் குடித்தார்.

கூரை வேலை முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, என்னை ஏசுங்க. பதுவாக் கேளுங்க. நான் ஒண்டும் செல்லமாட்டன்."

மீனாம்பிகை மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏசமாட்டன். சாபமும் போடமாட்டன். போட்டா உங்களுக்கு மனசு ஆறிடும். தெரியாமலா வந்து கேக்கிறீங்க?" மாவை உருண்டையாக்கிப் பலகையில் அறைந்தாள். "மகளக் கூட்டிக்கொண்டு வீட்ட போங்க. அவள் எப்ப வேணும் எண்டாலும் வரட்டும்."

பஸ்மினா அதற்குப் பிறகு அடிக்கடி பொத்துவில் பஸ்ஸில் ஏறிப் போய் வருகிறாள். மஜீடுதான் அவளைக் கல்முனை பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விடுவார். எப்போது திரும்புவாய் என்று மட்டும் கேட்பார். அந்தக் கடையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.